உங்களுக்குப் பூர்வீகம் எது?

தொடர்கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள் என்று கெஞ்சுபவை ஒரு வகை. இன்னும் ஏன் கொல்லவில்லை என்று கேட்பவை மற்றொரு வகை. இந்த இரண்டிலும் சேராத கடிதம் ஒன்று சில வருஷங்களுக்கு முன் எனக்கு வந்தது. எழுதியவர் செங்கற்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர்.

அப்போது வெளிவந்துகொண்டிருந்த என் கதையில் ஓர் இருளர் கிழவர் வருவார். மணலில் பாம்பு போன தடத்தைப் பார்த்தே அது இன்ன பாம்பு என்று சொல்லி, கடிபட்ட கதாநாயகனை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார். அத்துடன் அவர் வேலை தீர்ந்தது; கதையை விட்டே போய்விடுவார். அவரை அறிமுகப்படுத்தும்போது, "சுருட்டை மயிர், அகன்ற மூக்கு, தடித்த உதடு, ஆப்பிரிக்கக் கானகத்திலிருந்து நேரே இறங்கி வந்தவர் போலிருந்தார்" என்று எழுதியிருந்தேன். வர்ணனை வாகாக அமைந்துவிட்டது என்று நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஆசிரியையின் கடிதம் ஐந்தே வரிகள்தான். "ஐயா, உங்கள் தொடர்கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் படிக்கிறோம். என் தாத்தாவும் பாம்பு பிடித்தவர்தான். அவருக்கும் அகன்ற மூக்குத்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் போல என்று எழுதியிருக்கிறீர்கள், இருக்கலாம். உங்களுக்குப் பூர்வீகம் எது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்."

பதில் எழுத உட்கார்ந்தேன். 'எங்களுக்குப் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவில் திருவையாற்றுக்கு அருகே ஒரு கிராமம். பாட்டனார் காலத்தில் கோர்ட்டு உத்தியோகத்தை முன்னிட்டுச் செங்கற்பட்டில் குடியேறினோம்' என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒருவருடைய தாத்தாவை ஆப்பிரிக்கா வரையில் துரத்திவிட்டு, என் தாத்தாவை மட்டும் திருவையாற்றோடு நிறுத்திக்கொள்வது என்ன நியாயம்? காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கடிதம் மேஜை டிராயரிலேயே கிடந்தது.

சென்ற மாசி மாதம்தான் அந்த டிராயரைத் திறக்கும்படியான சந்தர்ப்பம் ஏற்பட்டது.

*

மாசி மகத்தன்று மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? பகலில் போய், பஞ்ச ரதத்தைப் பார்த்துவிட்டு, பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதைச் சொல்லவில்லை. முதல் நாள் இரவே போய்க் கடற்கரை மணலில் தங்க வேண்டும். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஏறியபோது, பாதி வண்டி இருளர் குடும்பங்களாகவே இருந்தது. பாத்திரங்கள், பாய்கள், சுருட்டி வைத்த பழைய புடவைகள், கைக்குழந்தைகள்.

கரையில் இறங்கியதும் அந்தப் புடவைகள் எதற்கென்று தெரிந்தது. நான்கு கழிகளை நட்டு, மேலும் பக்கத்திலும் புடவையைக் கட்டினால் ஒரு வீடு ஆகிவிடுகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் என்று பல பக்கங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் அப்படிப் புடவை வீடுகள் கட்டி, கடற்கரை நெடுக ஓர் ஊரையே உண்டாக்கியிருந்தன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கற்கோயில் சற்றுத் தூரத்தில் நிலா வெளிச்சத்தில் நின்றது. அதைச் சுற்றிலும் ஒரே இரவுக்காக எழும்பிய துணி நகரம்! எது பழமையானது என்று கேட்டால் சொல்வது சுலபமல்ல என்று அப்போதே தோன்றியது.

ஒரு புடவை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த முதியவரோடு பேச்சுக் கொடுத்தேன்.

"பெரியவரே, வருஷா வருஷம் வருகிறீர்களா?"

"வராம இருக்க முடியுங்களா, ஐயா? கன்னியம்மா கோவிச்சிக்கினு கடலுக்குள்ளாற பூட்டா. நாங்க வந்து கூப்ட்டாத்தான் கரைக்கு வருவா. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து கூப்ட்டுக்கினுதான் இருக்கோம்" என்றார்.

பக்கத்தில் அவருடைய பேத்தி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது இருக்கும். மாநிறத்துக்கும் சற்று வெளுப்பு. நீண்ட, வளைவே இல்லாத கூந்தல். பேச்சு அவளைப் பற்றித் திரும்பியது.

"பத்தாவது பாஸ் பண்ணிட்டா, ஐயா. மேல படிக்கச் சாதி சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. போனா, 'உங்களுக்குப் பூர்வீகம் எது? காயிதம் இருக்கா?'ங்கறாங்க. காயிதத்துக்கு நாங்க எங்க போறது? பாம்பக் காட்டுன்னா காட்டுவேன். அதுல ஒர்த்தரு இந்தப் பொண்ண மேலயும் கீழயும் பாத்துட்டு, 'இவளப் பாத்தா இருளர் மாதிரியே இல்லியே'ன்னுட்டாரு."

பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. 'எந்த மாதிரி இருந்தால் இருளர் மாதிரி?' என்று அந்த உத்தியோகஸ்தரைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? சுருட்டை மயிர், அகன்ற மூக்கு, தடித்த உதடு என்றுதான் சொல்லியிருப்பார். அதை அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? என் போன்ற கதாசிரியர்கள்தாம்.

விடியற்காலையில் ஜனங்கள் மணலைக் கூட்டிப் படிகளாக அமைத்தார்கள். பூவும் தேங்காயும் கற்பூரமும் வைத்து, கிழக்கே பார்த்துக் கன்னியம்மாவை அழைத்தார்கள். கலியாணங்கள் நடந்தன, குழந்தைகளுக்குப் பெயர் வைத்தார்கள். நானும் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நின்ற இடத்திலிருந்து நூல் பிடித்தாற்போல நேர் கிழக்கே போனால் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டரில் நடு அந்தமான் தீவு. அதற்கும் அப்பால் மலேயா, இந்தோனேஷியத் தீவுகள், நியூகினி. அதற்கும் அப்பால் பசிபிக் மகா சமுத்திரம். முகத்தைப் பார்த்துப் பூர்வீகம் சொல்லும் வித்தை அந்தத் தீவுகளில் என்ன பாடு பட்டது என்பது ஒரு பெரிய கதை. வீட்டுக்குத் திரும்பியதும் அதைப் படிக்க ஆரம்பித்தேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

*

முதலில் நம் ஊர்க் கதை. எழும்பூர் மியூஸியத்துக்கு ஒரு காலத்தில் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தலைவராக இருந்தார். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற பொருள்படும் தலைப்பில் 1909-ல் ஏழு பாகங்கள் வெளியிட்டவர். ரங்காச்சாரி என்பவர் அவருக்குத் துணை. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருகிற எண்ணைக் கொண்டு மனிதர்களை இனம் பிரித்துவிடலாம் என்று அந்த நாளில் பெரிய பெரிய படிப்பாளிகள் நம்பினார்கள். தர்ஸ்டன் துரையும் அளவுகோலை எடுத்துக்கொண்டு மலை, காடு, கடைத்தெரு எல்லாம் சுற்றினார். வயநாட்டில் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார்களாம். தங்களில் நல்ல ஆட்களாகப் பொறுக்கி, உள்ளே பஞ்சடைத்து, மதராஸ் மியூஸியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம்! இதைத் தர்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்களின் பயத்தில் ஒரு நியாயம் இருந்தது என்று எனக்குப் படுகிறது. மனிதரின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவதும் ஒருவகையில் பஞ்சடைப்பதுதானே?

அந்த மூக்குக் கணக்கு எங்கே சறுக்கி விழுந்தது என்பதை அந்தமானில் பார்க்கலாம். ஓங்கேயர், ஜாரவாக்கள் முதலிய அந்தமான் பழங்குடிகள் கரிய நிறமும், மிளகு மிளகாகச் சுருண்ட மயிரும், குள்ளமான தேகமும் உடையவர்கள். ஸ்பெயின் தேசத்தார் பிலிப்பைன்ஸில் இத்தகையோரைக் கண்டு 'நெக்ரிட்டோ', அதாவது சின்ன நீக்ரோ, என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் அந்தமான்காரர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்கக் குள்ளர்களின் நெருங்கிய உறவினர் இவர்கள் என்று அநேகமாக எல்லோரும் எண்ணினார்கள்.

பிறகு டி.என்.ஏ. ஆராய்ச்சி வந்தது. உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் மூதாதையர் எழுதிவைத்துப் போன சாசனம் என்று அதைச் சொல்லலாம். ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் ஓங்கேயர்களின் தாய்வழிச் சாசனத்தைப் படித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். இவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்த பழைய கிளையினர் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கிளை ஆசியாவில் முளைத்த கிளை. இன்றைய ஆப்பிரிக்கருக்கு அவர்கள் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவே தூரம்தான் சீனரும் நாமும். ஓங்கேயரையும் ஒரு சீனரையும் ஓர் ஆப்பிரிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், கண் சொல்லும் உறவு ஒன்று. இரத்தம் சொல்லும் உறவு வேறு.

அப்படியானால் முகம் ஏன் ஒத்திருக்கிறது? தோலின் நிறம் பெரும்பாலும் வெய்யில் எழுதும் கணக்கு. உச்சி வெய்யில் சுட்டெரிக்கும் நாடுகளில் கருந்தோல் காப்பாற்றுகிறது. வெய்யில் மங்கிய நாடுகளில் வெளிர்தோல் நன்மை செய்கிறது. மூக்கின் அகலத்துக்கும் சீதோஷ்ண நிலைக்கும்கூட ஓரளவு சம்பந்தம் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் அகன்ற மூக்கும், குளிரும் வறட்சியும் உள்ள இடத்தில் குறுகிய மூக்கும் அதிகம். ஒரே வெய்யில் இரண்டு கண்டங்களில் ஒரே விதமாக எழுதியிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்து, எழுதப்பட்டவர்களை அண்ணன் தம்பி என்று எண்ணிவிட்டோம்.

*

பசிபிக் தீவுகளில் இந்தப் பிழை இன்னும் பெரிய அளவில் நடந்தது. டூமோன் துர்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி 1832-ல் ஒரு கட்டுரை வெளியிட்டு அந்தச் சமுத்திரத்தைப் பங்கு போட்டார். நியூகினி, சாலமன், பிஜி பக்கத்துக் கரிய மனிதர்களின் தீவுகளுக்கு மெலனீஷியா, அதாவது கருந்தீவுகள், என்று பெயர் வைத்தார். டாஹிட்டி, ஸமோவா, ஹவாய் பக்கம் பாலினீஷியா. சிறு தீவுகளெல்லாம் மைக்ரனீஷியா. இரண்டை எண்ணிக்கையும் அளவும் பார்த்து அழைத்தவர்கள், மூன்றாவதைத் தோலைப் பார்த்து அழைத்தார்கள்! கரியவர்களை மட்டமானவர்கள் என்றும் அவர் எழுதினார். பெயர்கள் இன்றும் பூகோளப் படங்களில் இருக்கின்றன.

அந்தக் கருந்தீவுகளில் ஒன்றுக்குப் போவோம். சாலமன் தீவுகளில் மை போன்ற கரிய நிறமுள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்றுவரை தங்க நிறத் தலைமயிரோடு பிறக்கிறது. கடலோடி வந்த வெள்ளைக்காரர்களின் கலப்பு என்றார்கள் சிலர். வெய்யிலும் உப்புத் தண்ணீரும் வெளுத்துவிட்டன என்றார்கள் வேறு சிலர். 2012-ல் டி.என்.ஏ. உண்மையைச் சொல்லிற்று. அந்தப் பொன் மயிருக்குக் காரணம் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிழை ஐரோப்பியரிடம் கிடையவே கிடையாது. அந்தத் தீவுக்காரர்களிடமே தோன்றியது. தங்கள் சொந்தச் சொத்தாகிய மயிருக்காக எத்தனை தாய்மார்கள் பழிச்சொல் கேட்டிருப்பார்களோ!

இன்னும் விசித்திரமானது வனுவாட்டு தீவுகளின் கதை. அங்குள்ள ஜனங்கள் பார்வைக்கு நியூகினிக்காரர்களைப் போலவே இருக்கிறார்கள். ஆனால் பேசும் பாஷைகளோ தைவான் தீவிலிருந்து கிளம்பிய குடும்பத்தைச் சேர்ந்தவை. 2004-ம் வருஷம் முதல் அங்கே தியோமா என்ற இடத்தில் 3,000 ஆண்டுப் பழமையான இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். அந்தத் தீவுகளில் முதன்முதலாகக் கால் வைத்தவர்களின் எலும்புகள் கிடைத்தன. 2016-ல் அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்தபோது, அவர்களுடைய பூர்வீகம் தைவான், பிலிப்பைன்ஸ் பக்கம் என்றும், நியூகினிக் கலப்பு அவர்களிடம் அநேகமாக இல்லை என்றும் தெரிந்தது. சில நூற்றாண்டுகளுக்குப் பின்னர்தான் நியூகினிப் பக்கத்து ஜனங்கள் வந்து கலந்தார்கள். தோற்றம் மாறிற்று, பாஷை மாறவில்லை. அங்கே ஒருவர் தம் பாஷைக்கு ஒரு பூர்வீகமும், முகத்துக்கு வேறு பூர்வீகமும் வைத்திருக்கிறார். எந்தச் சர்ட்டிபிகேட்டில் எதைப் போடுவது?

தைவானிலிருந்து புறப்பட்ட அந்தக் கடலோடிகளின் யாத்திரை மனித சரித்திரத்தின் அதிசயங்களில் ஒன்று. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் தெற்கே கிளம்பியவர்கள், ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முன் டோங்கா, ஸமோவா வரையில் போய்விட்டார்கள். அங்கே நெடுங்காலம் தங்கியபின் ஹவாய், ஈஸ்டர் தீவு என்று மறுபடியும் பாய் விரித்தார்கள். நியூஸிலாந்தில் அவர்கள் குடியேறியது பதிமூன்றாம் நூற்றாண்டில். நம் சரித்திரத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போனபோது நியூஸிலாந்தில் மனிதரே கிடையாது. சோழ வம்சம் அஸ்தமித்த காலத்தில்தான் அங்கே முதல் அடுப்புப் புகைந்தது!

மேற்கே திரும்பிய அவர்கள் பங்காளிகள் இந்து சமுத்திரத்தையே கடந்து ஆப்பிரிக்கக் கரையோரம் மடகாஸ்கரில் குடியேறினார்கள். மலேயாவில் உறவினர் இருக்கும் வாசகர்களுக்கு 'லீமா' என்றால் ஐந்து, 'மாத்தா' என்றால் கண் என்று தெரிந்திருக்கும். ஸமோவாவிலும் ஐந்து லீமாதான், கண் மாத்தாதான். 1769-ல் கேப்டன் குக், டாஹிட்டியில் துபாயா என்ற கடல் சாஸ்திரியைத் தம் கப்பலில் ஏற்றிக்கொண்டார். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் நியூஸிலாந்தில் இறங்கி, அங்குள்ள மவோரிகளோடு துபாயா தம் பாஷையில் பேசினார், அவர்களுக்குப் புரிந்தது. குக் அசந்துபோனார்.

இங்கே நம்மவர்களுக்கு ஓர் ஆசை எழும், எனக்கும் எழுந்தது. அந்தக் கடலோடிகள் தமிழர்களாக இருக்கக்கூடாதா? நியூஸிலாந்தில் தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி ஒன்று இருக்கிறது. முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. கொலென்ஸோ என்ற பாதிரியார் 1836-வாக்கில் அதைக் கண்டபோது, மவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது அது வெல்லிங்டன் மியூஸியத்தில் இருக்கிறது. ஒரு முஸ்லிம் தமிழ் வியாபாரியின் கப்பலில் தொங்கிய மணி எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு மேல் அதை வைத்து ஒன்றும் கட்ட முடியாது. 'கட்டுமரம்' என்ற நம் சொல்லைத்தான் உலகம் இரட்டைப் படகுக்கெல்லாம் வைத்து வழங்குகிறது. ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. பாலினீஷியரின் இரட்டைப் படகு வேறு ஜாதி. பெயர் ஒற்றுமையும் முக ஒற்றுமை மாதிரிதான், ஆளை ஏமாற்றும்.

மதராஸ் அரசாங்கத்தில் மீன்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல்கூட ஏமாந்தார். தென்பாண்டிக் கரையோரத்து ஓடங்களில் பாலினீஷியச் சாயலைக் கண்டு, அந்தத் தீவினர் முற்காலத்தில் இங்கே வந்திருக்கவேண்டும் என்று 1920-ல் எழுதினார். படகுகளைப் பற்றி அவரைப்போல் அறிந்தவர் இல்லை. பிற்காலத்தில் பசிபிக் படகுகளைப் பற்றி ஹாடனுடன் சேர்ந்து மூன்று பாகங்கள் எழுதியவர். இருந்தும் சாயல் அவரைச் சறுக்கிவிட்டது. இந்தோனேஷிய வியாபாரிகளோடு ஏற்பட்ட பழக்கமே அந்தச் சாயலுக்குப் போதுமான காரணம் என்று பின்னால் வந்தவர்கள் கருதுகிறார்கள்.

*

இனி, நம் காலடி மண்ணுக்கு வருவோம். 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலார் பல்லாவரத்தில் படைகள் அணிவகுக்கும் மைதானத்தருகே சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். அது மனிதக் கையால் செதுக்கப்பட்ட கோடாரி. இந்தியாவில் பழைய கற்காலம் உண்டு என்று நிரூபித்த கல் அதுதான். பல்லாவரம் அன்றும் செங்கற்பட்டு ஜில்லா, இன்றும் செங்கற்பட்டு மாவட்டம். அதே வருஷம் அவரும் வில்லியம் கிங்கும், இப்போது திருவள்ளூர் மாவட்டத்திலிருக்கும் அதிராம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் முதலியோர் அங்கே பல வருஷம் அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளுக்கு வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள்.

பதினைந்து லட்சம் என்றதும், 'ஆதித் தமிழனின் கோடாரி' என்று என் நண்பர் ஒருவர் துள்ளிக் குதித்தார். அவரைக் கொஞ்சம் உட்கார வைக்கவேண்டியிருந்தது. அந்தக் கோடாரியைச் செதுக்கியவர் தமிழரும் அல்ல, ஆரியரும் அல்ல. நம்முடைய மனித இனமே அல்ல. நம் இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியே ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. செங்கற்பட்டுச் சீமையில் நாம் குடியேறியபோது, முன்னால் குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன கற்கள் இங்கே கிடந்தன என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் இனத்தார் சிறு கூட்டமாக ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியது ஏறக்குறைய 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன். அவர்களில் ஒரு சாரார் கடற்கரை ஓரமாகவே மீனும் சிப்பியும் தின்றுகொண்டு, அரேபியா, இந்தியா, மலேயா என்று தலைமுறை தலைமுறையாக நகர்ந்து, ஆஸ்திரேலியாவையும் நியூகினியையும் அடைந்தார்கள் என்று பல ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அந்நாளில் கடல் மட்டம் இப்போதையதைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தது. மாமல்லபுரத்துக் கரை பல மைல் கிழக்கே இருந்தது. அவர்கள் நடந்த வழியும் அடுப்புச் சாம்பலும் இன்று கடலுக்கடியில் கிடக்கும். 2004-ம் வருஷத்துச் சுனாமி இங்கே சாளுவன்குப்பத்தில் மணலை வாரிக்கொண்டு போனபோதுதான், கல்வெட்டுத் தெரிந்து, புதைந்துகிடந்த முருகன் கோயிலே அகப்பட்டது. சில நூற்றாண்டு மணலே ஒரு கோயிலை மறைக்குமானால், ஐம்பதாயிரம் ஆண்டுக் கடல் எதைத்தான் மறைக்காது?

கடல் மறைத்ததை இரத்தம் காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன், மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்து இளைஞரிடம் 'எம் 130' என்ற தந்தைவழி அடையாளத்தைக் கண்டார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் பாலினீஷியரிடமும் மங்கோலியரிடமும்கூடக் காணும் அடையாளம் அது. அந்த இளைஞர் பார்ப்பதற்கு இவர்களில் யாரைப்போலும் இல்லை. நம் அடுத்த வீட்டுப் பையனைப்போல இருப்பார். இந்த அடையாளத்தையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு மூதாதையர் 1,024 பேர். தந்தைவழி அடையாளம் அவர்களில் ஒரே ஒருவரைத்தான் சுட்டிக் காட்டும்.

மற்ற 1,023 பேருடைய கணக்கையும் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி 2009-லும் 2013-லும் வெளிவந்தது. அநேகமாக இந்தியர் யாவருமே கலந்து பிறந்தவர்கள். அந்தமான் பழங்குடிகளுக்குத் தூரத்து உறவான தென்னகத்துப் பூர்வ குடிகளின் பங்கும், வடமேற்கிலிருந்து வந்தவர்களின் பங்கும் ஒவ்வொருவரிடமும் உண்டு. பழங்குடிகளிடம் முதலாவது அதிகம். வேறு சிலரிடம் குறைவு. அறவே இல்லாதவர் தென்னாட்டில் இல்லை. அந்தப் பெருங்கலப்பு ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்தது. பிறகுதான் ஜாதிக் கதவுகள் சாத்தப்பட்டன.

இதைப் படித்த அன்று என் அக்காவை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அக்காவுக்கு மட்டும் சுருட்டை மயிர், மூக்கும் அகலம். "இது யாரைக் கொண்டு பிறந்திருக்கோ!" என்று பாட்டி சலித்துக்கொள்வாள். பெண் பார்க்க வருகிறார்களென்றால், காலையிலிருந்து எண்ணெய் தடவி இழுத்து இழுத்து வாரி, அந்தச் சுருட்டையை அடக்கப் பார்ப்பாள். அது அடங்காது. மூன்று இடம் தட்டிப் போன பிறகுதான் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. என் கதையில் ஆப்பிரிக்கக் கானகத்திலிருந்து வந்ததாக நான் எழுதிய முகம், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

*

ஆசிரியையின் கடிதத்துக்குப் போன வாரம் பதில் எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"அம்மா, உங்கள் தாத்தா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது உண்மைதான். என் தாத்தாவும் அங்கிருந்துதான் வந்தார். இந்தக் கரைக்கு முதலில் வந்தவர்களின் பங்கு உங்களுக்கு அதிகம், எங்களுக்குக் குறைவு என்பதுதான் வித்தியாசம். திருவையாறு நடுவில் வந்தது" என்று எழுதினேன். கதையின் அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன் என்பதையும் தெரிவித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் 2017-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே நவீனக் கருவிகளோடு தேடியும் அகப்படாத மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் எப்படித் தடம் பார்க்கிறார்கள் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டு, என் கிழவரும் குனிந்து மணலைப் பார்க்கிற விதத்தை ஆறு வரி எழுதினேன். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிழவர் இப்போதுதான் கதைக்குள் வந்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

கடிதத்தின் கடைசியில் ஓர் உதவியும் கேட்டிருக்கிறேன். மாமல்லபுரத்தில் பார்த்த பெரியவரின் ஊர்ப் பெயரைக் குறித்து வைத்திருந்தேன். அது ஆசிரியையின் கிராமத்துக்கு நாலு மைல்தான். அந்தப் பெண்ணுக்கு இன்னும் சர்ட்டிபிகேட் வந்தபாடில்லை என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடங்கள் திறக்க மூன்று வாரம் இருக்கிறது.